ஃபெர்மின் போட்ட முடிச்சு

சொனோராவில் எங்கள் மாட்டுப் பண்ணையில் பத்து விரலும் முழுசாக வைத்திருந்தவர்கள் இருவர்தான். ஒருவன் சமையல்காரன். இன்னொருவன் என் தங்கை புருஷன் ஃபெர்மின். மாட்டின் கழுத்தில் சுருக்கு விழுந்ததும் கயிற்றின் மறுமுனையைக் குதிரைச் சேணத்தின் முன்னால் நிற்கும் குமிழில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடிக்க வேண்டும். தாங்காவிட்டால் நழுவ விட வேண்டும். நடுவில் கட்டைவிரல் சிக்கினால் போனதுதான். எனக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது.

"விரலோட வா, இல்லேன்னா வீட்டுக்கே வராத" என்று சொல்லித்தான் என் தங்கை அவனை அனுப்பினாள்.

கயிறு என்னுடையது. பதப்படுத்தாத பச்சை மாட்டுத்தோலை வாராக அறுத்து, நாலு இழையாக, அறுபது அடி நீளத்துக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஒன்பது விரலால் பின்னியது. தங்கை கேட்டாளே என்று ஒரே ஒரு நாளைக்கு அவனுக்குக் கொடுத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சுருக்கை நன்றாகத்தான் வீசினான். காளையின் கழுத்தில் விழுந்தது. பிறகு விரலை நினைத்துக்கொண்டு, டெக்சாஸ்காரன் மாதிரி கயிற்றைக் குமிழில் முடிச்சே போட்டுவிட்டான்.

காளை பள்ளத்துச் சரிவில் இறங்கி ஓடியது. குதிரை சாய்ந்து விழுந்தது. அவன் கால் அதற்கடியில். இரண்டையும் காளை விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போனது. நான் கத்தியோடு என் குதிரையிலிருந்து குதித்தேன்.

"மச்சான், வெட்டு!"

"முடிச்ச அவுத்து விடுடா!"

"இறுகிப்போச்சு மச்சான்!"

"அப்ப டெக்சாஸ்காரன வந்து அவுக்கச் சொல்லு!"

காளையின் பக்கம் வெட்டினால் கயிறு எனக்கு. குமிழின் பக்கம் வெட்டினால் கயிறு காளைக்கு. காளை அறுபதடி தள்ளி இருந்தது. ஃபெர்மினுக்கும் விளிம்புக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. இவ்வளவையும் யோசித்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. குமிழின் பக்கமே வெட்டினேன்.

காளை என் கயிற்றோடு பள்ளத்தின் மறுபக்கம் மலையேறிப் போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிரை எழுந்து உதறிக்கொண்டது. ஃபெர்மின் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"எனக்காகவா அழுவுற மச்சான்?"

"கயித்துக்குடா, நாயே."

அவன் அதை அப்படியே நம்பினான். வெள்ளிக்கிழமைக்குள் நல்ல தோலாக இரண்டு கொண்டுவந்து தருவதாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். எனக்கு இன்னும் அழுகை வந்தது.