லூயிசாவில் ஏழு நாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் முதல் இரண்டு நாட்களை நான் ஒரு நீல பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை விட்டபடிதான் கழித்தேன். ஆகவே கடலின் அழகைப் பற்றி இதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வாளியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன்.

என்னை யாரும் கதை எழுதக் கூப்பிடவில்லை. நான் தூத்துக்குடியில் ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்ப்பவள். கப்பலில் வரும் பெட்டிகளுக்குக் காகிதம் தயாரிப்பேன்; மிச்ச நேரத்தில் கதை. விஜிலா என் கல்லூரித் தோழி, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பிப்ரவரியில் ஒருநாள் போன் செய்தாள்.

"ஏளா செல்வி, அவிய கூட ஏழு நாள் படகுல போறேன். நீயும் வாயேன்."

"புருசன் பொண்டாட்டி போற எடத்துல நான் எதுக்குளா?"

"மூணாவது ஆளு ஒண்ணு இருந்தா சண்டை கொஞ்சம் கொறையும்லா."

அதுதான் இந்தக் கதையின் தோற்றம். சண்டையைக் குறைக்கப் போனேன், குறிப்பெடுத்துக்கொண்டு வந்தேன்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் நான்கு நாள் போயிற்று. கைவிட்டவை கீழே.

"மத்தியதரைக் கடலின் நீலம் வேறெந்தக் கடலுக்கும் வராது என்று ரெக்சன்—"

(நிறுத்திவிட்டேன். நான் அந்தக் கடலைப் பார்த்ததில்லை. விஜிலாவின் கணவர் ரெக்சன் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்திருக்கிறேன். போட்டோவின் நீலம் போனைப் பொறுத்தது.)

"காலை ஆறு மணிக்கு லூயிசா மெல்ல அசைந்து, சோம்பல் முறித்து—"

(லூயிசா படகின் பெயர். வாசகர் ஒரு பெண் என்று நினைத்துவிடுவார். விஜிலாவும் அப்படித்தான் நினைத்தாள். "யாரு அந்த லூயிசா?" என்று கேட்டதற்கு, "பழைய ஓனர் வச்ச பேரு, படகுக்குப் பேரு மாத்துனா ஆகாது" என்றார் ரெக்சன். "ஓனரு வச்ச பேருதானா?" என்று அவள் மறுபடி கேட்டாள். அது வேறு கதை. அல்லது கதையே இல்லை.)

ஆகவே நேராகவே சொல்கிறேன்.

ரெக்சன் அண்ணன் முப்பத்து மூன்று வயதில் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளில் வேலைக்குப் போனார். பெரும் பணக்காரர்களின் படகுகள். கோடை முழுக்க பால்மா, ஜெனோவா, மால்ட்டா, மர்மரிஸ் என்று துறைதுறையாக ஓட்டுவது. குளிர்காலத்தில் அதே படகைத் தேய்த்துப் பெயின்ட் அடிப்பது. வருடத்தில் இரண்டு மாதம் வீடு. இப்படிப் பன்னிரண்டு வருடம். போன ஜூனில் மகள் ஏஞ்சலின் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனாள், வீடு காலியாயிற்று. நவம்பரில் இவர் வந்தார், இனிமேல் போகவில்லை என்றார். சொன்னவர் வெறுங்கையோடு வரவில்லை. கோவாவில் வயதான ஒரு வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன முப்பத்தோரு அடிப் படகை வாங்கி, இரண்டு நண்பர்களோடு கன்னியாகுமரியைச் சுற்றி ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இருவரும் படகிலேயே குடியிருக்கலாம் என்பது அவர் திட்டம். மாதத்தில் பாதி நாள் தூத்துக்குடியில் கட்டிக் கிடக்கும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம். லீவு கிடைத்தால் கரையோரமாக ஊர் ஊராகப் போகலாம்.

விஜிலா யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஏழு நாள் இருந்து பாக்கேன். பெறவு சொல்லுதேன். வேண்டாம்னா வித்துரணும்."

"வித்துருதேன்" என்றார் அவர். சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் என்னைப் போலவே வேறு பக்கம் திரும்பியிருப்பீர்கள்.

3

படகு வாழ்க்கை பற்றி ஒரு பத்தியாவது எழுத வேண்டும் என்கிறார் பத்திரிகை ஆசிரியர். எழுதுகிறேன்.

வெளிநாட்டுத் துறைகளில் பாய்மரப் படகில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கரையில் ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்களாம். ரெக்சன் அண்ணன் இங்கேயும் ஒரு கூடை வைத்தார். நாங்கள் சாமான் ஏற்றி முடிப்பதற்குள் என் இடது செருப்பை ஒரு நாய் கொண்டுபோயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்த மணப்பாட்டில் சுடுமணலில் வெறுங்காலோடு குதித்து ஓடினேன்.

நல்ல தண்ணீர் மொத்தம் இருநூறு லிட்டர். விஜிலாவின் கூந்தல் இடுப்புக்குக் கீழே வரும். அதை ஒரு செம்புத் தண்ணீரில் அலசக் கற்றுக்கொண்டாள். தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரிக்காவிட்டால் தட்டு உங்கள் மடியில்தான். கழிவறையில் கையால் இருபது தடவை பம்ப் அடிக்க வேண்டும், அந்தச் சத்தம் படகு முழுக்கக் கேட்கும். ஒருவர் வெளியே வரும்போது மற்ற இருவரும் கடலை ஆராய்வதாக ஓர் ஒப்பந்தம் தானாகவே ஏற்பட்டது.

(புறப்படும் முன் வாங்கிய அனுமதிக் காகிதங்களைப் பற்றி எழுதவில்லை. அது என் தொழில். லீவில் தொழிலைப் பேசுவதில்லை.)

4

இப்போது ரெக்சன் என்ற பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம்.

முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதியிருந்தேன். மனைவியின் விருப்பத்தைக் கேட்காமல் படகு வாங்கிக்கொண்டு வரும் கணவன், எழுத எளிது. ஆனால் கெட்டவர் இஞ்சியைத் தட்டி வெந்நீரில் போட்டு, வாளிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கண்ண மூடாத செல்வி, தூரத்துல கரையப் பாரு" என்று சொல்வாரா? இரண்டாம் வரைவில் நல்லவராக்கினேன். அதுவும் சரிப்படவில்லை. காரணம் இரண்டாம் நாள் மதியம்.

திருச்செந்தூர்க் கோபுரம் வலப்பக்கம் தெரிந்துகொண்டிருந்தது. அண்ணன் மேலே சுக்கானைப் பிடித்து நின்றார். விஜிலா உள்ளே அந்தக் கைக்குட்டை அளவு அடுக்களையில் குழம்பு வைத்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில், வாளியோடு.

"ஏங்க, உப்பு எங்க இருக்கு?"

"எடப்பக்கம் ரெண்டாவது தட்டு. மஞ்ச மூடி." அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கடுகு?"

"அதுக்குப் பின்னால."

"தீப்பெட்டி?"

"லைட்டர் இருக்குளா. உன் தலைக்கு மேல கொக்கியில."

மூன்றும் சொன்ன இடத்தில் இருந்தன. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். விஜிலா உப்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"என்னளா?"

"பன்னெண்டு வருசம் செல்வி. ஒவ்வொரு லீவுக்கும் வந்து, 'உப்பு எங்க விஜிலா, தீப்பெட்டி எங்க விஜிலா'ம்பாவ. ஆம்பளைக்கு அடுக்களை தெரியாதுன்னு சிரிச்சிக்கிட்டே எடுத்துக் குடுப்பேன். இப்பம்லா வெளங்குது. அவியளுக்கு ஒரு வீடு இருந்திருக்கு. அது நம்ம வீடு இல்ல, அவ்வளவுதான்."

மேலே காற்றில் பாய் படபடத்தது. அவருக்குக் கேட்டதா என்று தெரியாது.

இதை முதலில் எழுதவில்லை. "விஜிலா சிரித்தாள்" என்று போட்டிருந்தேன். ஆஸ்பத்திரி கேன்டீனில் வைத்து அதைப் படித்தவள் தாளை மேசையில் வைத்தாள்.

"அழுததை ஏன் தூக்கிட்ட?"

"படிச்சா மனசு கஷ்டப்படுமேன்னு."

"யாருக்கு?"

நான் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"எழுது. அழுதுட்டும் கொழம்பு நல்லாத்தான் வச்சேன். அதையும் எழுது."

குழம்பு நன்றாக இருந்தது. (நான் சாப்பிடவில்லை. மற்ற இருவரும் சொன்னது.)

5

இந்த இடத்தில் ஒரு புயல் இருந்தது. ஒன்றரைப் பக்கம். இடி, மின்னல், ஒடியப்போகும் பாய்மரம். விஜிலா படித்துவிட்டு, "பிப்ரவரியில ஏதுளா புயலு? ஊர்ல சிரிப்பாவ" என்றாள். எடுத்துவிட்டேன். புயலுக்குப் பதிலாக நடந்தது ஒரு வலை.

ஆறாம் நாள் மணப்பாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வாடைக்காற்று நேர் எதிரில் அடித்ததால் பாயைச் சுருட்டிவிட்டு இன்ஜினில் வந்தோம். காலை பத்து மணி, புன்னக்காயலுக்கு நேரே. திடீரென்று ஒரு இழுப்பு, இன்ஜின் நின்றுவிட்டது. அண்ணன் எட்டிப் பார்த்தார். யாரோ விரித்திருந்த வலைக்கு மேல் படகு ஏறியதில், வலை தண்ணீருக்கடியிலிருக்கும் இன்ஜின் காற்றாடியில் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றோ எங்களைக் கரைப்பக்கம் தள்ளியது. அங்கே ஆற்றுவாயின் மணல்மேடு. படகு அதில் ஏறினால் பிறகு அது படகே இல்லை.

நங்கூரத்தைப் போட்டுவிட்டு, "ஏளா, கத்திய எடு. ரெண்டு நிமிச வேல" என்றார்.

விஜிலா கத்தியை எடுத்தாள். கொடுக்கவில்லை.

"வெட்டக்கூடாது."

"வெளையாடாத. படகு போகுது பாரு."

"நங்கூரம் போட்டாச்சுல்லா."

"பிடிக்குமான்னு தெரியல."

"அத நான் பாத்துக்கிடுதேன். கையால பிரிங்க." கரையைக் காட்டினாள். "அந்தா மாதா கோவில் கோபுரம். அதுக்கு நேர் பின்னால செல்போன் டவர். ரெண்டும் ஒண்ணா நிக்க மட்டும் நாம நகரல. வெலகிச்சின்னா நானே கத்தியத் தாரேன்."

விஜிலாவின் அப்பா தருவைகுளத்தில் வலைக்காரர். வெட்டுப்பட்ட வலை ஒரு வீட்டில் என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

(என் கதையென்றால் ரெக்சன் இங்கே ஏதாவது பேச வேண்டும். மனிதர் பேசவில்லை. அவளை ஒரு நொடி பார்த்தார். நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.)

நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்குவார், மறுபடி போவார். நான் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். கோபுரத்துக்குப் பின்னாலிருந்து டவர் விரற்கடை அளவு வெளியே வந்தது.

"விஜிலா..."

"பாக்கேன்ளா."

அவள் கத்தியைக் கொடுக்கவில்லை. படகின் முன்பக்கம் போய் நங்கூரக் கயிற்றை இன்னும் பத்துப் பதினைந்து பாகம் (ஒரு பாகம் ஆறடி) விட்டு, கட்டையில் சுற்றி இறுக்கினாள். கயிறு நீளமானால்தான் நங்கூரம் படுத்துப் பிடிக்குமாம். விட்ட கயிற்றுக்கு டவர் இன்னும் கொஞ்சம் விலகியது, பிறகு நின்றுவிட்டது. மேலே வந்த அண்ணன், கயிறு கிடந்த கிடையைப் பார்த்தார். மறுபடி முங்கினார்.

அப்போதுதான் ஒரு பைபர் வள்ளம் சீறிக்கொண்டு வந்தது. வலைக்குச் சொந்தக்காரர், பெவின், முப்பது வயதிருக்கும். தூரத்திலிருந்தே, "ஏலே, எவம்லே அது? வலைய வெட்டுனா—" என்று தொடங்கினார்.

[இங்கே இரண்டு வரி நீக்கம். ஆசிரியர் வேண்டாம் என்றார்.]

பக்கத்தில் வந்ததும் விஜிலாவின் கையிலிருந்த கத்தியையும் தண்ணீரிலிருந்து தலை நீட்டிய ரெக்சனையும் பார்த்தார்.

"வெட்டலையாக்கா?"

"வெட்டல தம்பி."

சட்டையோடு குதித்தார். இருவருமாகக் கால் மணி நேரம். வலை இரண்டு கிழிசலோடு முழுசாக வந்தது.

"நான் பாத்த வெளிநாட்டு போட்டுக்காரனுவ அறுத்து விட்டுட்டுப் போயிருவானுவ" என்றார் பெவின். "நீங்க எங்கனண்ணே தொழில் படிச்சிய?"

ரெக்சன் படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி மூச்சு வாங்கினார். "பன்னெண்டு வருசம் வெளிய படிச்சேன். இது இன்னைக்குக் காலையில படிச்சது."

பெவின் நான்கு பாரை மீனை எங்கள் படகுக்குள் எறிந்துவிட்டுப் போனார். அன்று நானும் சாப்பிட்டேன். இரண்டு தட்டு.

6

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

அ) விஜிலா வேண்டாம் என்கிறாள். லூயிசா லாரியில் ஏறிப் போகிறது. (லாரி ஊருக்கு வெளியே உள்ள மீளவிட்டானைத் தாண்டுவதற்குள் எனக்கே பொறுக்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

ஆ) சரி என்கிறாள். பாய்மரத்தின் உச்சியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்குகிறது. (அழகுதான். ஆனால் இப்போது மார்ச்.)

இ) ஆறு மாதம் வீடு, ஆறு மாதம் படகு. (எங்கள் ஆபீஸ் முதலாளிக்கு மிகவும் பிடித்தது. எல்லாத் தரப்பையும் திருப்திப்படுத்துவது எங்கள் தொழில்.)

மூன்றையும் விஜிலாவிடம் வாசித்துக் காட்டினேன். டீயை ஊதிக்கொண்டே கேட்டு முடித்தாள்.

"உண்மையில நீ என்னளா சொன்ன?" என்றேன்.

"அவிய இன்னும் கேக்கவே இல்லையே."

ஏழு நாள் முடிந்து அன்றைக்குப் பதினோராம் நாள். மனிதர் வீட்டில் குழாயைச் சரிசெய்துவிட்டார், மிக்சியைச் சரிசெய்துவிட்டார், பக்கத்து வீட்டு கேட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டார். காலையில் போய்ப் படகைத் துடைக்கிறார், மதியம் மீனோடு வருகிறார். அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

"பயப்படுதாவ போல" என்றாள்.

"நீயே சொல்லிரேன்."

"மாட்டேன். பன்னெண்டு வருசமா போன்ல அவிய சொன்னாவ, நான் கேட்டேன். இந்த ஒருவாட்டி அவிய கேக்கட்டும், நான் சொல்லுதேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம் பதிலைச் சொன்னாள். என் மூன்று முடிவுகளிலும் அது இல்லை. டீ என் சேலையில் கொட்டிவிட்டது.

"எழுதிராத" என்றாள்.

7

எழுதவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கதை வேண்டும் என்கிறார் ஆசிரியர்; இப்படியேதான் அனுப்பப்போகிறேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும். முடிவு என் கையில் இருக்கிறது, ஆனால் அது எனக்கோ உங்களுக்கோ உரியதல்ல.

ரெக்சன் அண்ணே, என் கதைகளை நீங்கள் விடாமல் படிப்பீர்கள் என்று தெரியும். போன கதையில் துறைமுகக் கிரேனின் நிறம் தப்பு என்று போன் செய்து சொன்னதும் நீங்கள்தான். இந்த முறை தப்புக் கண்டுபிடிப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையை மூடுங்கள்.

விஜிலாவுக்கு இந்த மாதம் முழுக்கக் காலை ஷிப்ட். மூன்று மணிக்கு வெளியே வருவாள். ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். படகா வீடா என்று தொடங்காதீர்கள். "அந்த ஏழு நாளும் உனக்கு எப்படிளா இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டதும் வண்டியை ஆஃப் செய்துவிடுங்கள்.

பதில் கொஞ்சம் நீளம்.