மூன்று புள்ளி, தள்ளி ஒன்று

ஆரம்பாக்கத்து ஏஞ்சலிடம் போய், பெண்ணாக இருந்தும் நன்றாக வேலை செய்கிறாய் என்று சொல்லிப் பாருங்கள். அரத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு பார்வை பார்ப்பாள். அப்புறம் நீங்கள் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்தெருவில் வீரராகவன் நடத்திய டூல் ரூமில் அவள் பதினோரு வருடமாக ஃபிட்டர். பிரஸ் மெஷினில் தகடு வெட்டும் டைகளைச் செய்கிற பட்டறை அது. மேலிருந்து இறங்கும் துண்டும் கீழே வாங்கிக்கொள்ளும் துண்டும் ஒரு தலைமுடி இடைவெளியில் பொருந்த வேண்டும். ஏஞ்சல் அந்த முடியையும் நாலாகக் கிழித்து அதில் ஒரு பங்குக்குப் பொருத்துவாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நானும் குனிஞ்சுதான் வேலை செய்யறேன், ஆனா இரும்பக் கவ்வற வைஸ் மேல குனியறேன் என்று சொல்லும்போது அவள் நிமிர்ந்துகொள்வாள். நிமிரட்டும், யாருக்கு என்ன போச்சு.

2007 கோடையில் அந்தப் பட்டறைக்குப் பழவேற்காட்டிலிருந்து அப்துல் வஹாப் வந்தார். இறால் வியாபாரி, ஐம்பதைத் தாண்டிய பெரிய மனிதர், சுத்தமான கத்திப் பைத்தியம். சட்டைப் பையில் மடக்கி வைக்கிற ராணுவ பாணிக் கத்திகளை, ‘டாக்டிக்கல் ஃபோல்டர்’ என்று அந்தப் பைத்தியங்கள் சொல்வதை, முப்பத்தொன்று சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒன்றாலாவது ஒரு மாம்பழம் நறுக்கியதுண்டா என்று அவர் மனைவி பத்ருன்னிசா கேட்காத நாள் கிடையாது. தனித்தனியாகக் கையால் செய்து கொடுக்கிற ஒரு அமெரிக்கக்காரரிடம் இவர் ஆர்டர் கொடுக்கப் போக, நாலு வருடம் காத்திருக்கணும் என்று பதில் வந்துவிட்டது. பாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நம்ம ஊரில் இல்லாத கையா என்று இரண்டு டைட்டானியம் தகடுகளை வாங்கிக்கொண்டு வீரராகவனைத் தேடி வந்துவிட்டார்.

ஃபோர்மேன் கோபால் சிரித்தார். வெங்காயம் நறுக்கவா பாய் என்று கேட்டார். வஹாப் கோபப்படவில்லை. தன் பையிலிருந்த கத்தியை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். அலகு வழுக்கிக்கொண்டு வந்து ‘டக்’ என்று நின்றது. அந்தச் சத்தத்துக்கு ஏஞ்சல் திரும்பினாள். கேட்காமலேயே கையை நீட்டினாள். அவரும் கொடுத்தார்.

கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே நாக்கு மாதிரி ஒரு துண்டை அறுத்து விட்டிருந்தார்கள். கத்தி திறந்ததும் அந்த நாக்கு உள்ளே வந்து அலகின் அடியில் முட்டி நிற்கிறது. இனி நாக்கைத் தள்ளினால்தான் மடங்கும். தனியாகப் பூட்டு என்று ஒன்றும் இல்லை, கைப்பிடியே பூட்டு. அலகை ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. மடக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள், இரண்டு தகட்டுக்கும் சரியாக நடுவில் அலகு படுத்திருந்தது. அவளுக்கு வாயெல்லாம் பல். இது கத்தியே இல்லை, உள்ளங்கையில் அடங்குகிற டை என்று தோன்றியது.

“ஆயிரம் கத்தி ஒரே மாதிரி மெஷின்ல வருதும்மா, அது கடையில கெடைக்கும்,” என்றார் வஹாப். “ஒருத்தரு ஒக்காந்து, இது சரியா வரலன்னு நாலு தபா தூக்கிப் போட்டுட்டு, அஞ்சாவதா ஒண்ணு செய்வாரு பாரு, அது தெறக்கும்போதே விரலுக்குத் தெரிஞ்சிடும். அதுக்குத்தான் நாங்க அலையறோம். கைக்கு வந்ததும் மொதல்ல திருகாணியக் கழட்டி உள்ளதான் பாப்போம். வெளிய எல்லாரும் பளபளன்னு வெச்சிடுவாங்க.”

வேலை ஏஞ்சலுக்குத்தான் வந்தது, வேறு யாருக்கும் பொறுமை இல்லை. ஆனால் வீரராகவன் பாயிடம் கோபால் செய்கிறார் என்று சொல்லிவிட்டார். முப்பது வருட ஃபோர்மேன் பெயரைச் சொன்னால் ஆர்டர் கைவிட்டுப் போகாது, பொம்பளை செய்கிறாள் என்றால் மனுஷன் யோசிப்பார் என்பது அவர் கணக்கு. கோபால் மறுக்கவில்லை. ஏஞ்சலுக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய, வேலையை விட மனசு வரவில்லை.

அலகுக்கு அவள் எடுத்தது டி-டூ எஃகு. தினமும் டைக்குப் போடுகிற அதே எஃகு, அதன் குணம் அவளுக்கு அத்துப்படி. அம்பத்தூருக்கு அனுப்பிப் பதம் போட்டு வாங்கினாள். நாக்கை முதலில் சாதா இரும்புத் தகட்டில் வெட்டிப் பழகினாள். ஒன்று தளர்வாக வந்தது, ஒன்று போய் இறுகிக்கொண்டது, இப்படி நாலு குப்பைக்குப் போயின. ஐந்தாவதில் கைக்குப் பிடிபட்டது. அப்புறம்தான் டைட்டானியத்தைத் தொட்டாள். வெளியே எவ்வளவு வழவழப்போ, கண்ணுக்குத் தெரியாத உட்பக்கமும் அவ்வளவு வழவழப்பு. இரண்டு மாதம் ஆயிற்று. கடைசியாகப் பூட்டித் தள்ளினாள். ‘டக்’. பாயின் கத்தியைவிட ஒரு துளி அழுத்தமாக இருந்தது அந்தச் சத்தம். பக்கத்து மெஷின்காரர் யேசுதாஸ் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை வஹாப் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எண்ணெய் விடுவதற்காகக் கத்தியைக் கழற்றியபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். தகட்டின் உட்பக்கத்தில் நாலு புள்ளிகள். மூன்று சேர்ந்தாற்போல், தள்ளி ஒன்று.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. டை முடிந்ததும் ஃபிட்டர் அதன் உள்பக்கத்தில் தன் புள்ளியைக் குத்தி வைக்க வேண்டும். பெருமைக்கல்ல. பார்ட்டியிடம் போய் டை உடைந்தால் யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்கு. கோபாலுக்கு இரண்டு புள்ளி, யேசுதாஸுக்கு நேராக நாலு, ஏஞ்சலுக்கு மூன்றும் தள்ளி ஒன்றும். பதினோரு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய்க் குத்தியிருக்கிறது, பாவி. உள்ளேதான் முதலில் பார்ப்போம் என்று சொன்னவரின் கத்தியில்! தேய்த்து எடுக்கலாமென்றால் தகட்டின் கனம் குறையும், அலகு ஒரு பக்கம் சாயும், இரண்டு மாத உழைப்பு போகும். நன்றாக இருந்தால் பெயர் கோபாலுக்கு, கெட்டால் புள்ளி இவளுக்கு. இதைவிட அநியாயம் உண்டா. அவள் தேய்க்கவில்லை. எண்ணெயைத் தடவிப் பூட்டினாள்.

வஹாப் வந்தார். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். திறந்தார், மடக்கினார், காதருகே வைத்துத் திறந்தார். அலகை மூக்குக்கு நேரே நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு பையிலிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார். ஏஞ்சல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது இன்னா புள்ளி?” என்றார்.

வீரராகவன் எட்டிப் பார்த்தார், முகம் கறுத்தது. கோபாலுக்கு முப்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

“அது என் புள்ளி இல்ல பாய். என்து ரெண்டுதான். இது ஏஞ்சலோடது, அதான் குத்திக்கீது. என்னக் கேக்காதீங்க.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று கோபாலுக்கே உறைத்தது.

வஹாப் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார். “அப்ப இதச் செஞ்சது நீயாம்மா?”

“நான்தான் பாய்,” என்றாள் ஏஞ்சல். “புள்ளி வெச்சது தப்புதான். ஆனா செஞ்சது நான்தான்.”

“தப்பா?” வஹாப் சிரித்தார். “செஞ்சவங்க அடையாளம் இல்லாத கத்திய நாங்க கத்தியிலயே சேக்க மாட்டோம்மா. இத எதுக்கு உள்ள ஒளிச்சு வெச்சிக்கீற? வெளிய குத்து. இப்பவே, என் கண்ணு முன்னாடி.” நாக்கு இருந்த பக்கத் தகட்டை நீட்டி, இங்கே என்று விரல் வைத்தார்.

ஏஞ்சல் நிமிர்ந்தாள். “அங்க குத்தினா நாக்கு பிசகிடும் பாய். கத்தி உங்களுது, எடத்த நான் சொல்றேன்.”

வஹாப் விரலை எடுத்துக்கொண்டார். அவள் இன்னொரு தகட்டை எடுத்து, இரும்புக் கட்டை மேல் காகிதம் விரித்துப் படுக்க வைத்தாள். புள்ளி குத்துகிற உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். தகடு அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். சுற்றி நின்ற அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்தாள்.

“கோபாலண்ணா, சித்த புடிங்க.”

கோபால் வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் மூன்று புள்ளி குத்தினாள், தள்ளி ஒன்று குத்தினாள்.