சத்தம் போடாத கீபோர்டு

ஷட்டர் இடுப்பு உயரத்துக்கு எழும்பியதுமே சிஹோ குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள். மேலே தூக்கிக்கொண்டிருந்தவன் கையை அப்படியே நிறுத்தினான்.

"கடை பதினொரு மணிக்குத்தாங்க."

"ஒரு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில இருக்கணும்."

"ஆஸ்பத்திரி ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கு. இது கீபோர்டு கடை."

"தெரிஞ்சுதான் வந்தேன்." பையிலிருந்து ஒரு கறுப்புக் கீபோர்டை உருவிக் கவுன்டர் மேல் வைத்தாள். "ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்ல ஓடும்னு பெட்டியில போட்டிருந்தது. காலைல பக்கத்து வீட்டு மேக்குல போட்டுப் பார்த்தேன். ஓடல. ஓடற ஒண்ணு வேணும். இப்பவே."

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த அகிஹபாராவின் பின்சந்தில் மூன்றாவது மாடிக் கடை அது. சட்டைப்பையில் 'நெஸு' என்று பெயர் குத்தியிருந்தவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஷட்டரைப் பாதியிலேயே விட்டுவிட்டு வந்து கீபோர்டைத் தன் மேக்கில் சொருகினான். நாலு விசை தட்டினான். உதட்டைப் பிதுக்கினான்.

"மேக்குன்னு போடறதுக்கு இவங்க பண்றது ஒண்ணே ஒண்ணுதான். கமாண்ட் விசையையும் ஆப்ஷன் விசையையும் இடம் மாத்திடுவாங்க. ஆனா ஸ்பேஸ் பாருக்கு வலது பக்கம் இருக்கு பாருங்க, ஜப்பானிய எழுத்துக்கு மாத்தற விசை. அது இன்னும் விண்டோஸ் பேர்லதான் கூப்பிடுது. மேக் திரும்பியே பார்க்காது."

"காது கேக்காதவங்களுக்கு டைப் அடிக்கறவ நான். அந்த விசைதான் எனக்கு உசுரு."

அவள் அதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கனெமாரு சிஹோவின் வேலை, காது கேளாதவர்களுக்காகக் கேட்பது. அறையில் யார் என்ன பேசினாலும் உடனே டைப் அடித்துத் திரையில் காட்டுவாள். ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, ஒரு சொல்லை விடக் கூடாது. அந்த அறையில் கேட்டதை வெளியே எவரிடமும் சொல்லவும் கூடாது. பதினாலு வருஷ அனுபவம். விசைக்கு ஒரு ஜப்பானிய எழுத்து என்று நேரடியாக அடிக்கும் பழக்கம் அவளுக்கு. வேகம் அதில்தான் இருந்தது. ஆபத்தும் அதில்தான். கம்ப்யூட்டர் ஜப்பானிய எழுத்துக்கு மாறாமல் நின்றுவிட்டால், அடிப்பதெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கொட்டும்.

திங்கட்கிழமை அப்படித்தான் கொட்டியது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவில் மட்டும் மிஷினை மாற்றி மேக் வைத்திருந்தார்கள். உள்ளே போய்த் தன் கீபோர்டைச் சொருகிய பிறகுதான் அவளுக்கே தெரியும். நோயாளியின் பெயர் ஹோகரி யசுகிச்சி, வயது அறுபத்தேழு. ஓய்வுபெற்ற டாக்சி ஓட்டுநர். ஐந்து வருஷம் முன்பு ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. அந்த வயதில் சைகை மொழி ஏறவில்லை. வாயால் பேசுவார், பதிலைப் படித்துத் தெரிந்துகொள்வார். சர்க்கரையால் கண்ணும் மங்கல், கட்டைவிரல் பருமனில் எழுத்து வந்தால்தான் உண்டு. ஆஸ்பத்திரிக் காகிதங்களை எல்லாம் மகள் தொமோவே படித்து, ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதிக் காட்டுவாள்.

டாக்டர் கால் மணி நேரம் பேசினார். திரையில் குப்பை ஓடியது.

"என்னம்மா பாஷை இது, ருஷ்யாவா?" என்று ஹோகரி உரக்கச் சிரித்தார்.

சிஹோ விசைகளோடு மல்லாடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் டாக்டர் அந்த ஒரு விஷயத்தைச் சொன்னார். உடனே அவருக்கு வேறு வார்டிலிருந்து அழைப்பு வந்தது, எழுந்து போய்விட்டார். தொமோவே பலகையை எடுத்து ஒரு வரி எழுதினாள். 'சின்னக் கட்டி. எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.' அப்பா தலையாட்டினார்.

டாக்டர் சொன்னது அது மட்டும் இல்லை. சிஹோவுக்குத் தெரியும், தொமோவேக்குத் தெரியும். உடம்புக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியாது. இன்று ஒரு மணிக்கு அவர் ஒப்புதல் கையெழுத்துப் போடப்போகிறார். நாளைக் காலை ஆபரேஷன். டாக்டர் மறுபடி சொன்னால், அதைத் திரையில் கொண்டுவரலாம். அதைத் தவிர சிஹோவுக்கு வேறு வழி இல்லை.

"கம்ப்யூட்டர்ல ஒரு குட்டி புரோகிராம் போட்டா இதே கீபோர்டு ஓடுமே," என்றான் நெஸு.

"எதையும் போட விடமாட்டாங்க. என் லேப்டாப்பையும் உள்ள விடமாட்டாங்க. கேபிள் வெச்ச கீபோர்டு மட்டும் சொருகலாம்."

"அங்கேயே ஒண்ணு இருக்குமே."

"இருக்கு. அமெரிக்க அமைப்பு. என் எழுத்துல நாலஞ்சுக்கு அதுல விசையே கிடையாது."

"அப்போ கேபிள் இருக்கணும், ஜப்பான் அமைப்பு இருக்கணும், மேக்கோட பாஷை கீபோர்டுக்கே தெரிஞ்சிருக்கணும். வேற?"

"சத்தம் வரக்கூடாது."

நெஸு சிரித்தான். "மாப்பிள்ளை பார்க்க வந்த மாதிரி இருக்கு." அலமாரியிலிருந்து ஒன்றை இறக்கினான். தட்டியதும் தகரத்தில் ஆலங்கட்டி விழுந்ததுபோல் கடை அதிர்ந்தது. "மத்த பொருத்தமெல்லாம் இருக்கு. காது கேக்காதவருக்குத்தானே அடிக்கறீங்க? சத்தம் வந்தா அவருக்கென்ன?"

"எனக்குக் கேக்கணுமே. பேசறவங்க சொல்றது."

அவன் மறுபேச்சில்லாமல் அதைத் திருப்பி வைத்தான். இரண்டாவது அழகான வெள்ளை நிறம். எடுத்த வேகத்திலேயே அமெரிக்க அமைப்பு என்று அவனே தள்ளினான். மூன்றாவதில் சத்தம் இல்லை, ஆனால் கேபிளும் இல்லை. நான்காவது அட்டைப்பெட்டியைத் திறக்கும்போது சிஹோவின் போன் அதிர்ந்தது. அவளை வேலைக்கு அனுப்பும் அலுவலகத்து ஒகினோ.

"கனெமாரு-சான், அந்த ஹோகரி கேஸ். பொண்ணு போன் பண்ணாங்க. இன்னிக்கு ஆள் வேண்டாமாம், அவங்களே எழுதிக் காட்டிக்கறாங்களாம்."

"விண்ணப்பம் போட்டது அப்பாதானே?"

"அதைத்தான் நானும் சொன்னேன். அவர் சொன்னாத்தான் ரத்து. ஆனா ஒண்ணு. திங்கட்கிழமை மாதிரி திரும்பவும் ஆச்சுன்னா ஆஸ்பத்திரி நம்மளை உள்ளயே விடாது. அதுக்கு நானே ரத்து பண்றது மேல். பன்னெண்டு மணிக்குள்ள சொல்லுங்க. எழுத்து வருமா, வராதா?"

"சொல்றேன்."

மணி பதினொன்று இருபது. நெஸு நான்காவதையும் மூடிவிட்டான்.

"சரியான மாடல் ஒண்ணு இருக்கு. ஆர்டர் போட்டா ஆறு வாரம்."

"இது என்ன?" அவள் காட்டியது கவுன்டரில் அவன் முன்னாலேயே கிடந்த சாம்பல் நிறக் கீபோர்டை.

"அதே மாடல்தான், ஆனா என்னுது. விக்கறதுக்கு இல்ல."

சிஹோ குறுக்கே கை நீட்டி ஒரு வரி அடித்துப் பார்த்தாள். மணலில் தூறல் விழுகிற மாதிரி. விரல் மட்டும்தான் அதை உணர்ந்தது.

"எதுக்குன்னு சொன்னீங்கன்னா யோசிக்கறேன்," என்றான் நெஸு.

"சொல்லக் கூடாது."

"உளவாளியா?"

"கிட்டத்தட்ட. ஒருத்தர் இன்னிக்கு ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடப்போறார். அதுக்குள்ள அவர் ஒரு விஷயத்தைப் படிக்கணும். அவ்வளவுதான் சொல்லலாம்."

 நெஸு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். "சாயங்காலம் என் மேஜைக்குத் திரும்பி வரணும். காபி கொட்டினா நீங்களே வெச்சுக்கங்க." ஜப்பானிய எழுத்துக்கு மாற்றும் விசையின் மேக் குறியைக் கீபோர்டுக்குள்ளேயே பதித்தான், எங்கே கொண்டுபோய்ச் சொருகினாலும் மேக் பாஷையிலேயே கூப்பிடும் என்றான். கேபிளைப் பிடுங்கிவிட்டு, அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பழைய மேக்கை வெளியே இழுத்தான். "இது இந்தக் கீபோர்டை இதுவரைக்கும் பார்த்ததே இல்ல, உங்க ஆஸ்பத்திரி மிஷின் மாதிரி. சொருகுங்க."

சொருகினாள். திரையில் ஒரு சின்ன ஜன்னல் எழும்பி, இடது ஷிப்டுக்குப் பக்கத்திலுள்ள விசையை அழுத்தச் சொன்னது. அவள் கை தானாகப் போய் அந்த ஜன்னலை மூடியது.

"ஏங்க மூடினீங்க?"

"ஏதோ விளம்பரம்னு..."

"அதுதாங்க முக்கியம். அதுக்குப் பதில் சொல்லலன்னா மேக் எந்தக் கீபோர்டையும் அமெரிக்கக் கீபோர்டுன்னு நினைச்சுக்கும். எதை வாங்கிட்டுப் போனாலும் குப்பைதான் வரும்."

சிஹோ கேபிளைப் பிடுங்கினாள். திங்கட்கிழமையும் அந்த ஜன்னல் வந்தது. டாக்டர் தொண்டையைக் கனைத்துப் பேச்சைத் தொடங்கிய அந்த நொடியில் அவள்தான் அதை மூடினாள். மிஷின் கோளாறு என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

மறுபடி சொருகினாள். பதில் சொன்னாள். கட்டைவிரல் வலது பக்க விசையைத் தொட்டது. ஜப்பானிய எழுத்து விழுந்தது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு ஒகினோவிடம் சொன்னாள். "வரும்."

ஆஸ்பத்திரி நடைபாதையில் தொமோவே காத்திருந்தாள். நாற்பது வயது, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தூங்காத கண்கள்.

"வந்துட்டீங்களா. வர வேண்டாம்னு சொல்லியிருந்தேனே."

"உங்கப்பா சொல்லலையே."

"அவருக்கு அது தெரிஞ்சா கையெழுத்துப் போடமாட்டார். பிடிவாதம். இந்த ஆபரேஷன் பண்ணலன்னா ரெண்டு வருஷம் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொன்னதையும் கேட்டீங்கதானே? அவர் போயிட்டார்னா நீங்களா வந்து நிப்பீங்க?"

 ரயிலில் வரும்போதே சிஹோ அதே கேள்வியைத் தன்னிடம் கேட்டுப் பார்த்திருந்தாள்.

"நான் எதையும் சொல்லப் போறதில்லைங்க. உள்ள பேசறதை அடிப்பேன். அவ்வளவுதான் என் வேலை."

"அப்போ உள்ள யாரும் பேசாம நான் பார்த்துக்கறேன்," என்றாள் தொமோவே.

அறையில் மேக் விழித்தது. ஜன்னல் எழும்பியது. சிஹோ ஷிப்டுக்குப் பக்கத்து விசையை அழுத்தினாள். ஒரு வரி அடித்தாள். 'ஹோகரி-சான், இன்று எழுத்து தெரிகிறதா?'

ஹோகரி திரையை நோக்கிக் குனிந்து, வழக்கம்போல ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார். கரகரத்த குரல், தனக்கே கேட்காததால் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "தெரியுதும்மா. இன்னிக்கு ஜப்பானுக்கு வந்துட்டோம்."

டாக்டர் இஸாவா வந்து உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "திங்கட்கிழமையே எல்லாம் விளக்கியாச்சு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

அந்த வரி திரையில் வந்தது. தொமோவே காகிதத்தை மடித்து, கையெழுத்து இடம் மட்டும் தெரிகிற மாதிரி அப்பா முன்னால் நகர்த்தினாள். பேனாவையும் கொடுத்தாள்.

சிஹோ வாய் திறந்தாள். பேசும்போதே விரல்கள் தன் பேச்சையும் அடித்தன. "டாக்டர், எழுதுபவர் பேசறேன். திங்கட்கிழமை திரையில எழுத்து வரல. என் தப்புதான். நீங்க சொன்னது எதுவும் ஹோகரி-சானுக்குப் போய்ச் சேரல. தயவுசெஞ்சு முதல்லேர்ந்து சொல்லணும்."

டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "மக எழுதிக் காட்டினாங்களே?"

"காட்டிட்டேன் டாக்டர்," என்றாள் தொமோவே அவசரமாக. "எல்லாம் காட்டிட்டேன்."

ஹோகரி திரையைப் படித்து முடித்தார். பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. "எல்லாமா? நீ எழுதினது ஒரு வரிதானே. டாக்டர் பாவம், வாய் வலிக்கப் பேசிட்டிருந்தாரே."

தொமோவே சிஹோவின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "இனிமே வர்றதை அடிக்காதீங்க."

விரல்கள் ஒரு கணம் நின்றன. அறையில் பேசியது எதுவானாலும் திரைக்கு வர வேண்டும். அடித்தாள்.

'மகள்: இனிமே வர்றதை அடிக்காதீங்க.'

ஹோகரி அதை உரக்கப் படித்தார். மகள் சொன்னதை மகள் முன்னாலேயே, அவளைவிடச் சத்தமாக. படித்துவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"எதை அடிக்கக் கூடாது, தொமோவே?"

"கையெழுத்து போடுங்கப்பா. நீங்க இருந்தாப் போதும் எனக்கு. எப்படி இருந்தாலும் பரவாயில்லை."

அதுவும் திரையில் வந்தது. சிஹோவுக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. விரல்களுக்குக் கண் தேவைப்படவில்லை. ஹோகரி அந்த வரியை மட்டும் வாய்விட்டுப் படிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"டாக்டர், எப்படி இருந்தாலும்னா எப்படி?"

இஸாவா மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது. அவர் நாற்காலியை ஹோகரியின் பக்கம் திருப்பிக்கொண்டு, எழுதுபவளுக்கும் நேரம் கொடுத்து, நிதானமாக ஆரம்பித்தார்.

"கதிர்வீச்சுன்னு இன்னொரு வழி இருக்கு. ஆனா கட்டி திரும்பி வர வாய்ப்பு அதுல ரொம்ப அதிகம். உயிருக்கு ஆபரேஷன்தான் நல்லதுன்னு நான் நினைக்கறேன். முடிவு உங்களுது."

ஹோகரி படித்துக்கொண்டே வந்தார். சொல் சொல்லாக, உரக்க. டாக்டர் ஒரு மூச்சு விட்டு மிச்சத்தைச் சொன்னார். கீபோர்டில் சத்தமே இல்லை. அறையில் கேட்டது ஹோகரியின் குரல் மட்டும்தான்.

"கட்டி... குரல்வளையில... இருக்கு. அதை... முழுசா எடுக்கணும். எடுத்த பிறகு... உங்களால... பேச முடியாது."