ஐந்து பேருக்கு இடம் பிடித்தவர்

சம்பந்தி வீட்டாருக்கு ஊர் சுற்றிக் காட்டுவதைச் சர்வேயர் உல்லாசமாக நினைக்கவில்லை. அது குடும்பத்தின் மானப் பிரச்சினை. மகள் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக வந்திருக்கிறார்கள். ஒரு சின்ன முகச்சுளிப்புகூட இல்லாமல் அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்த மாநகரத்திலேயே வேலை பார்க்கும் மகன், டிரைவரோடு கார் அனுப்புவதாகச் சொன்னான்.

"நம்ம சம்பந்தியை எவனோ ஒரு டிரைவர் சுத்திக் காட்டுறதா? சங்கிலி பிடிச்சு இந்த ஊரையே அளந்தவன்டா நான்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் ஊருக்கு அடியில் ரயில் ஓட ஆரம்பித்தது என்பதை மகனும் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் எடுபடாது.

காலையில் அருங்காட்சியகத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஆனால் மகள், எதிரே ஆளுயரச் சிலை நிற்க, கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சர்வேயருக்குச் சுருக்கென்றது. தோள்பையின் வாயை விரித்து நீட்டினார்.

"எல்லாரும் போனை அணைச்சு இதுல போடுங்க. கண்ணு எதுக்கு இருக்கு?"

"என்னப்பா, ஜப்தியா?"

"ஆமா. ராத்திரி வந்து மனு குடு, பார்க்கலாம்."

சம்பந்தி பெரிய மனுஷர். மறுபேச்சு பேசாமல் தம் போனைப் போட்டார். சம்பந்தியம்மாவும் போட்டார். சர்வேயரின் மனைவியிடம் போடுவதற்குப் போனே கிடையாது. பிற்பாடு ரயில் நிலையத்தில் வாங்கிய டோக்கன்களையும், ஒவ்வொருவரையும் கதவு தாண்டி உள்ளே விட்ட கையோடு, அவரே வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதையாவது தொலைத்துவிட்டு யாரும் சம்பந்திக்கு முன்னால் முழிக்கக் கூடாது.

ரயில் வந்து நின்றது. நடைமேடையில் கூட்டம் அதிகம். சர்வேயர் அந்தக் காலத்துப் பஸ் பழக்கத்தில் முண்டியடித்து உள்ளே பாய்ந்தார். காலியான நீள இருக்கையில் ஒரு ஓரத்தில் குடை, மறு ஓரத்தில் துண்டு, நடுவில் பை. ஐந்து பேருக்கு இடம் பிடித்தாயிற்று. வெற்றியோடு திரும்பிப் பார்த்தார்.

வாசலில் மனைவி ஒதுங்கி நின்று, "நீங்க ஏறுங்க சம்பந்தி" என்றாள்.

"அட, முதல்ல நீங்க ஏறுங்கம்மா" என்றார் சம்பந்தி.

"நாங்க வீட்டு ஆளுங்க, அப்புறமா ஏறிக்கிறோம்."

"அதுக்காக உங்களை நிக்க வச்சுட்டு நாங்க ஏறுறதா?" என்றார் சம்பந்தியம்மா.

"யாராவது ஏறுங்களேன்" என்று பின்னாலிருந்து மகள் சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவியின் வாய் அசைந்தது. அவர் கதவைத் தட்டினார். ரயில் யாருக்காகவும் நிற்கிற வழக்கமில்லாதது. நகர்ந்துவிட்டது.

"பெரியவரே, துண்டை எடுக்கிறீங்களா, உட்காரணும்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

அடுத்த நிலையத்தில் இறங்கினார். தூணோரமாக நின்று யோசித்தார். திரும்பிப் போகலாம். போகிற நேரத்தில் அவர்கள் இங்கே கிளம்பி வந்துவிட்டால்? சரி, இங்கேயே நிற்கலாம். அவர்கள் அங்கேயே நின்றால்? டோக்கன் இல்லாமல் அவர்கள் வெளியேயும் போக முடியாது. தம் சம்பந்தியை யாராவது சீருடைக்காரன் நிறுத்தி, டிக்கெட் எங்கே என்று கேட்டால்?

ஒரு ரயில் வந்து போயிற்று. இன்னொன்று வந்து போயிற்று. முகம் முகமாகத் தேடினார். எதிலும் அவர்கள் இல்லை.

எதிர்த் தடத்துக்குப் போக எந்தப் படி ஏற வேண்டும் என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. பலகையில் ஊரின் வரைபடம் வண்ண வண்ணக் கோடுகளாக மாட்டியிருந்தது. எத்தனையோ வரைபடம் போட்ட கை அவருடையது. இதில் தலை எது, வால் எது என்று பிடிபடவில்லை.

சட்டைப்பையில் அணைக்காமல் வைத்திருந்த அவருடைய போன் அடித்தது. மகன்.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

காரை வேண்டாம் என்றது நினைவுக்கு வந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"எங்க இருப்போம்? ஸ்டேஷன்லதான். எல்லாம் திட்டப்படி நடக்குது."

"அம்மா?"

"தண்ணி வாங்கப் போயிருக்கா. சம்பந்தி இதோ, என் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார். உன் வேலையைப் பாருடா."

மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அப்பா... அம்மாவுக்கு என் நம்பர் மனப்பாடம். ஸ்டேஷன் காவலாளி போனை வாங்கிக் கூப்பிட்டாங்க. அந்த லைன்லயே உங்களையும் சேர்த்திருக்கேன். ஸ்பீக்கர்ல... எல்லாரும் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

சர்வேயர் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. சம்பந்தியின் குரல், அவசரமே இல்லாமல், வந்தது.

"ஆமா தம்பி. பக்கத்துலதான் இருக்கேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டாவது இருப்பார். மகள் மட்டும் எங்கோ தள்ளி நின்று மூக்கை உறிஞ்சினாள். மனைவியிடமிருந்து மூச்சே இல்லை. அவளை இத்தனை வருஷமாக அதட்டிய வாய் இப்போது அவள் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று காத்திருந்தது.

மன்னிக்கச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அப்படிக் கேட்டால் சம்பந்தி சொன்னது பொய்யாகிவிடும். கேட்காவிட்டால் தாம் சொன்ன பொய்யை அவர் தலையில் சுமத்தியதாகிவிடும். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"அடுத்த ரயில்ல அவங்களை ஏத்தி விடறாங்களாம்" என்றான் மகன். "நீங்க அடுத்த ஸ்டேஷன்லதானே இறங்கினீங்க? அங்கேயே உட்காருங்கப்பா. நான் கார் எடுத்துட்டு வர்றேன்."

"சரி" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். தூரத்தில் இருட்டுக்குள் விளக்கு தெரிந்தது. கதவு திறந்ததும் முதலில் யார் முகத்தைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்தார். வெளிச்சம் அதற்குள் நடைமேடையைத் தொட்டுவிட்டது.