ஐந்து கிராம் கூடும் பெட்டி

பாசிகளை ஆராய்ந்த பேராசிரியர் இறந்து பதினோராவது ஆண்டில் அவருடைய காகிதப் பெட்டி எடை கூடத் தொடங்கியது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஐந்து கிராம், அதாவது ஒரு தாள். பல்கலைக்கழக நூலகத்தின் அரிய ஆவணப் பிரிவில் எந்தப் பெட்டியையும் வாசகரிடம் கொடுக்கும் முன்பும் திரும்ப வாங்கிய பின்பும் எடை போடுவார்கள். வாசகர்கள் தாளை உருவிக்கொண்டு போவார்கள் என்பதுதான் அங்கே காலங்காலமாக இருந்த பயம். வைத்துவிட்டுப் போவார்கள் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பிரிவின் பொறுப்பாளர், எல்லோரும் கிராம் சார் என்று கூப்பிடுகிறவர், முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டார். தராசைக் கழற்றி மாட்டினார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

வியாழன்தோறும் அந்தப் பெட்டியைக் கேட்டு வந்தவர் ஒருவர்தான். பேராசிரியரின் மகள், பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். விண்ணப்பத்தில் ஆய்வுப் பொருள் என்ற இடத்தில் ‘அப்பா’ என்று எழுதியிருந்தாள். காலியாக விடாத வரைக்கும் கிராம் சாருக்கு எதுவும் சம்மதம். பையை வெளியே வைத்துவிட்டு, கை கழுவி, பென்சிலோடு ஜன்னலோர மேசையில் உட்காருவாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளில் அப்பா ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்க அவர் உயிரோடு இருந்தவரை அவளுக்கு வாய் வரவில்லை. இப்போது பெட்டியிடம் முணுமுணுத்துக் கேட்டாள். சற்று நேரத்தில் மேலாக ஒரு புதுத் தாள் இருக்கும், அப்பாவின் கையெழுத்தில், மை காயாமல். அதில் ஈரச் சுவரில் வளரும் பாசியைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும். மனிதர் செத்தும் பேச்சை மாற்றுவதை விடவில்லை. எட்டு மாதம் இப்படியே போனது.

கடைசியில் மேலிடம் விழித்துக்கொண்டது. ஆவணத்தில் புதுத் தாளைச் செருகுவது திருட்டுக்குச் சமம் என்று சொல்லி அவளுடைய வாசகர் அட்டையை நிறுத்தி வைத்தார்கள். பென்சில் மட்டுமே அனுமதிக்கப்படும் அறையில் அவள் மைக்கு எங்கே போனாள் என்று கிராம் சார் கேட்டுப் பார்த்தார். காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. அவள் சண்டை போடவில்லை, அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று வாரம் கழித்து கிராம் சார் பூட்டிய அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துத் தராசில் வைத்தார். பதினைந்து கிராம் கூடியிருந்தது.

திறந்தார். முதல் தாளில், இன்று அவள் வரவில்லை என்று மட்டும் இருந்தது. இரண்டாவதில், இன்றும் வரவில்லை, உடம்புக்கு ஏதாவதா, யாராவது விசாரித்துச் சொல்லவும் என்று இருந்தது. மூன்றாவதைப் படித்துவிட்டு அவர் மேலிடத்தைக் கேட்காமலே அவளுக்குப் போன் செய்தார். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவர் மீறிய முதல் விதி அதுதான்.

மறுநாள் அவள் வந்து படித்தாள். ‘எனக்குப் பயமாக இருந்தது. வாசல் வரைக்கும் நான்கு முறை வந்தேன். உள்ளே வரத் தைரியம் இல்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.’

அவள் அழுதாள். தாளில் ஈரம் படக்கூடாது என்பதால் நாற்காலியைப் பின்னால் தள்ளிப்போட்டு, மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவை நினைத்தால் அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று கிராம் சார் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“சார், இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதுல்ல?”

“முடியாதும்மா. ஒரு துண்டுகூட வெளிய போகாது.”

“அப்ப நானே வந்துக்கிட்டு இருக்கேன்.”

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவள் இப்போது வீட்டுக் கதை பேசுகிறாள், அப்பா பதில் எழுதுகிறார், நடுவே பாசியும் வரத்தான் செய்கிறது. போன மாதம் இரண்டாவது பெட்டி போட்டார்கள்.