பதினோராவது நீலத்திரை

இருபத்தாறு மணி நேரம். செவ்வாய்க்கிழமை காலை பத்தரையிலிருந்து புதன்கிழமை பகல் பன்னிரண்டரை வரை. அதில் கடை திறந்திருந்த நேரத்துக்குள் மட்டும் பதினொரு முறை கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் மணி பார்த்து ஒரு தாளில் குறித்துவைத்தேன். யாரும் குறிக்கச் சொல்லவில்லை.

கடை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் போகும் சாலையில் இருக்கிறது. ஆன்லைன் விண்ணப்பங்கள், சான்றிதழ்கள், ஓய்வூதியக்காரர்களுக்கு உயிர்ச்சான்று. மூன்று கம்ப்யூட்டர்கள். விரல்ரேகைக் கருவி ஒன்றில்தான் இருக்கிறது. நின்றுபோவதும் அதுதான்.

பதினோராவது முறை நின்றபோது எதிரில் இருசப்பன் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். விரலைக் கருவியின் கண்ணாடியிலிருந்து எடுக்கவே இல்லை.

"இன்னா பாப்பா, நான் உசுரோட இருக்கேனா இல்லியா? உன் மெஷினு இன்னா சொல்லுது?"

"கொஞ்சம் இருங்க ஐயா."

"இருக்கேன்னுதான் நானும் சொல்றேன். அதான் ஒத்துக்க மாட்டேங்குதே."

பின்னால் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் சந்திரகலா அக்கா சிரிக்கவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

நான் திரையைப் பார்த்தேன். நீலத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு கோப்பின் பெயர் வரும். எது பழுதானதோ அதன் பெயர். பத்து விநாடிதான் நிற்கும். பதினொரு முறையும் ஒரே பெயர். அந்தக் கோப்பு அங்கே எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும்.

திங்கள்கிழமை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள், கடையில் கூட்டம் இருக்காது. அதனால் அன்றைக்குத்தான் சர்வீஸ் செய்யும் கலையரசன் வந்து மூன்று கம்ப்யூட்டர்களிலும் இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை விரல்ரேகைக் கருவி வேலை செய்யவில்லை. கடையில் நான் மட்டும் இருந்தேன். வாசலில் ஏழு பேர்.

கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேசும் சிறிய மென்பொருள் டிரைவர். எங்கள் கடையில் பழைய டிரைவர்கள் எல்லாம் 'சாமி' என்ற ஃபோல்டரில் கிடக்கும். என்னோடு வேலை செய்யும் புகழேந்தி அண்ணன் வைத்த பெயர். சாமி என்று இருந்தால் எவனும் அழிக்க மாட்டான் என்பார். உண்மைதான். மூன்று கம்ப்யூட்டர் மாறியும் அந்த ஃபோல்டர் மாறவில்லை. ஆயுத பூஜை அன்று அந்த ஃபோல்டரைத் திறந்துவைத்துத் திரைக்கு நேராகக் கற்பூரம் காட்டுவார் அக்கா.

அதிலிருந்து ஒன்பது வருடத்துக்கு முந்தைய டிரைவரை எடுத்துப் போட்டேன். புதிய பதிப்பு ஏற்க மறுத்தது. பழைய டிரைவர்களை உள்ளே விடாத பாதுகாப்பு ஒன்று அதில் இருந்தது. அதை அணைத்தேன். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

அக்கா வந்தபோது ஏழு பேரில் நான்கு பேர் வேலை முடிந்து போயிருந்தார்கள். "சயின்ஸ் படிச்ச பொண்ணுன்னா சும்மாவா?" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து இந்தக் கடைக்கு வந்து எட்டு மாதம். என்னைப் பற்றி அவர் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. எப்படிச் சரி செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் முதல் நீலத்திரை வந்தது.

கலையரசன் புதன்கிழமை ஒரு மணிக்கு வந்தார். கேபினட்டைத் திறந்தார். ரேம் என்ற நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி செருகினார். கம்ப்யூட்டர் திறந்தது. நான்கு நிமிடத்தில் நின்றது. திரையின் கீழே அவர் பார்க்கவே இல்லை.

"வைரஸ்க்கா," என்றார். "இதுல யாரு பென்டிரைவ் போடறது?"

எல்லாரும் புகழேந்தி அண்ணனைப் பார்த்தார்கள்.

அண்ணன் தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். நாய்க்குட்டி வடிவத்தில் ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறார். அதில் பாட்டு இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அதனால் ஒருமுறை உண்மையிலேயே வைரஸ் வந்திருக்கிறது. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று அக்கா அன்றைக்கே சொல்லியிருந்தாராம். அதை என்னிடம் சொன்னவரே அண்ணன்தான், சிரித்துக்கொண்டே. அப்போது அவர் மகள் ஓவியா பிறக்கவில்லை. இப்போது அவளுக்கு ஐந்து மாதம்.

"நேத்து போட்டியா இல்லியா?"

"போட்டேன்க்கா. காலையில வந்ததும், பாட்டு கேக்க..."

"அந்த நாய எத்தினி தடவ சொன்னேன், உள்ள விடாதன்னு!"

அண்ணன் பென்டிரைவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல.

"செக் பண்ணிட்டுதான்க்கா போட்டேன். ஆனா, தெரியல. என்னாலதான் ஆயிடுச்சோ இன்னாவோ."

அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தண்ணி கேன் தீந்துபோச்சுக்கா," என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை. "நீ வூட்டுக்குப் போ. நான் போன் பண்றேன்," என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டார். திறக்கவே இல்லை அதை. போகும்போது என் மேசையருகே நின்று, "அந்த ரேஷன் கார்டு ஃபார்ம் மூணு பாக்கி கெடக்குது தேவி, நீ பாத்துக்க," என்றார்.

தலையாட்டினேன்.

கலையரசன் எதற்கும் புது ரேம் ஒன்று வாங்கிவருவதாக டவுனுக்குப் போனார். அக்கா சாப்பிட வீட்டுக்குப் போனார். மணி இரண்டு பத்து. கடையில் நான் மட்டும்.

ஷட்டரைப் பாதி இறக்கினேன். அத்தியாவசியமான டிரைவர்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நிற்கவில்லை. கருவியின் பெயரைத் தேடிப் பிடித்து, பழைய டிரைவரை நீக்கினேன். கோப்பையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று கேட்டது. ஆம். அணைத்திருந்த பாதுகாப்பை மறுபடி போட்டேன். கருவி செய்த நிறுவனத்தின் தளத்துக்குப் போனேன். இந்தப் பதிப்புக்கென்று புதிய டிரைவர், முதல் பக்கத்திலேயே. செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நிமிடம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். ஏழு பேர் வாசலில் நிற்கிறார்கள் என்று தேடவில்லை.

இறக்கினேன், ஏற்றினேன், மூடித் திறந்தேன். பச்சை விளக்கு. என் விரலையே வைத்துப் பார்த்தேன். பத்து முறை. இருபது முறை. கம்ப்யூட்டர் அசையவில்லை.

மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். இனி இது நிற்காது. யாருக்கும் எதுவும் தெரியவும் தெரியாது. சரியாகிவிட்டால் அக்கா சமாதானமாகிவிடுவார், அண்ணனை வரச்சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஷட்டரைத் தூக்கினேன்.

மூன்று மணிக்கு இருசப்பன் வந்தார். விரலை வைத்தார். சான்று அச்சாகி வந்தது. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"அப்பாடா. இன்னும் ஒரு வருசத்துக்குக் கவலயில்ல."

மூன்றரைக்கு அக்கா வந்தார். மூன்றே முக்காலுக்குக் கலையரசன் வந்தார். அதற்குள் ஒன்பது பேருக்கு விரல்ரேகை எடுத்திருந்தேன். ஒருமுறையும் நிற்கவில்லை.

"எப்படி?" என்றார் அக்கா.

நான் கீபோர்டைப் பார்த்தேன்.

கலையரசன் ரேம் பெட்டியைப் பிரிக்காமலே மேசை மேல் வைத்தார். "நான் கௌம்பறதுக்கு முன்னாடி கிளீன் பண்ணிட்டுதான் போனேன்க்கா. வைரஸ்னு சொன்னேனே."

"பாத்தியா தேவி?" அக்கா என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை, நிம்மதி இருந்தது. "அவன் வெளிய போனான். இது சரியாயிடுச்சு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

நான் சரி செய்ததே அண்ணன்மேல் சாட்சியாகிவிட்டது. கல்லூரியில் படித்திருக்கிறேன், இரண்டு விஷயம் அடுத்தடுத்து நடந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது என்று. தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். ஒரே ரிங்கில் அண்ணன் எடுத்தார். பின்னால் பஸ் ஹார்ன். இன்னும் வீட்டுக்குப் போகவில்லை போல.

"புகழு, மெஷின் சரியாயிடுச்சு."

"அப்டியாக்கா? அப்ப நான் வரட்டுமா? ஸ்டாண்டுலதான் இருக்கேன், பத்து நிமிசம்."

"வராத. நாளையில இருந்தும் வராத. ஒரு தடவன்னா பரவால்ல. உனக்குச் சொன்னா ஏறல."

கண்டக்டர் யாரோ வேட்டவலம், வேட்டவலம் என்று கத்துவது கேட்டது.

"அக்கா, வூட்ல இன்னும் சொல்லல," என்றார் அண்ணன். "இந்த மாசம் மட்டும்..."

"வேற எங்கயாச்சும் சொல்லி வுடறேன் புகழு. மனசுல ஒண்ணும் வச்சுக்காத. எனக்குக் கடைதான் முக்கியம்."

"சரிக்கா. என் தப்புதான்."

அக்கா போனை அணைக்கக் கையை நீட்டினார். நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பாண்டு பத்திரத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா உட்பட. என் குரல் எனக்கே தெரியாத உயரத்தில் வந்தது.

"கட் பண்ணாதீங்கக்கா. அண்ணனும் கேக்கட்டும்."

"இன்னாடி?"

"அது வைரஸ் இல்லக்கா. செவ்வாக்கெழம காலையில, பாதுகாப்ப ஆஃப் பண்ணிட்டு, ஒம்போது வருசப் பழைய டிரைவர அதுல போட்டது நான்தான்."