எருமப்பட்டியிலிருந்து வீட்டுக்கு வழி

தனசேகருக்கு எழுத வரும் என்பது எருமப்பட்டிப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். தொழில் என்னவோ வெங்காயப் பண்ணையம்தான். ஆனால் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பத்திரிகை வாசகத்துக்கு அவரைத்தான் தேடி வருவார்கள். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நாலு வரி வேண்டுமென்றாலும் அவர்தான். நடுரோட்டில் நிறுத்தி, "அந்தப் பத்திரிகைய ரெண்டு தடவ படிச்சனுங்க" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவருக்குக் காபி கூடக் கொஞ்சம் இனிக்கும்.

ஆகவே, மகள் தமிழினியைப் பெண் பார்க்க மேச்சேரிப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று முடிவானபோது, வழியை எழுதி அனுப்பும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். வீடு ஊருக்குள் இல்லை, தோட்டத்துக்குள் இருக்கிறது. போனில் வரும் மேப்பை நம்பி வந்தால் அது ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் தோட்டத்தில் டவர் கிடைக்காது. மொட்டை மாடிக்கு ஏறினால்தான் பேச முடியும்.

ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எழுதினார்.

"நாமக்கல்லை விட்டுக் கிழக்கே புறப்பட்டதும், கொல்லிமலையின் நீலத்தொடர் இடப்புறம் தங்களுக்குத் துணையாக வரும். எருமப்பட்டியைக் கடந்து, பழைய செக்கு இருந்த இடத்தில் திரும்பி, கருப்பண்ணன் தோட்டத்து வேம்பின் நிழலைத் தாண்டிச் சற்றே வந்தால், தங்கள் வருகைக்காக வாசல் திறந்து காத்திருக்கும் எங்கள் எளிய இல்லம் தென்படும்."

அவர் மனைவி மைதிலி படித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஏனுங்க, 'சற்றே'ன்னா எத்தன தூரம்?"

"வந்தாத் தெரியுது, புள்ள. அளவு நாடா புடிச்சு எழுத முடியுமா?"

சொன்ன நாளில் காலை பதினொரு மணிக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை. பாயசம் ஆறிப்போனது. தனசேகர் மாடிக்கும் வாசலுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாய்ந்த பிறகுதான், முன்னால் பைக்கில் ஒருவர் வழிகாட்ட, வேன் ஒன்று வந்து நின்றது. மாப்பிள்ளை குமரனின் அப்பா அப்புசாமி சிரித்துக்கொண்டே இறங்கினார். ஆடு வளர்க்கிறவர், பெரிய குரல்.

"அத ஏன் கேக்கறீங்க! செக்கு செக்குன்னு தேடறம், செக்கையே காணம். யாரக் கேட்டாலும் 'எந்தக் கருப்பண்ணன்?'ங்கறாங்க. அப்பறம் பாத்தா ஒரு தோட்டத்து ஊட்டுல பந்தல் போட்டு, வாழமரம் கட்டி, கதவத் தொறந்து வெச்சிருந்தாங்க. 'வாசல் திறந்து காத்திருக்கும்'னு எழுதியிருந்தீங்களே, இதுதான்னு எறங்கிட்டம். பன்னீரு தெளிச்சு, சந்தனம் குடுத்து, எலையில உக்கார வெச்சுட்டாங்க. ரசம் ஊத்தறப்பத்தான் எங்கக்கா கேட்டாங்க, 'பொண்ணு எங்கீங்க?'ன்னு. 'பொண்ணா? நாங்க பால் காய்ச்சிப் புது ஊடு குடி போறமுங்க'ங்கறாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே இருந்த தமிழினியின் சிரிப்பும் கூடத்துக்குக் கேட்டது. பெண்ணைப் பார்க்கும் முன்பே குமரனுக்கு அவளைப் பிடித்துவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். வயிறு நிறைந்து வந்தவர்கள் மைதிலியின் சமையலில் ஆளுக்கு ஒரு கரண்டி மட்டும் சாப்பிட்டார்கள். சம்பந்தம் அன்றைக்கே பேசி முடிந்தது.

கிளம்பும்போது அப்புசாமி தனசேகரின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க எழுத்து ரொம்ப அழகுங்க. வேனுக்குள்ள சத்தமா வாசிச்சு ரசிச்சம். வழிதான் தெரியல" என்றார். கள்ளமில்லாமல் சொன்னதுதான். ஆனாலும் வேன் போன பிறகு தனசேகர் தன் எழுத்தை எடுத்து இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டில் என்று பேச்சு. இந்தத் தடவை இரண்டு வேனும் ஒரு பஸ்ஸுமாக சொந்தபந்தம், ஒறம்பரை மொத்தமும் மேச்சேரியிலிருந்து வரும். தனசேகர் ஒரு நாள் காலை, எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எருமப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு டி.வி.எஸ்ஸில் போனார். ஒன்றுமே தெரியாத ஆள் மாதிரி அங்கிருந்து தன் எழுத்தைப் படித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து பார்ப்பது என்று யோசனை.

முதல் திருப்பத்திலேயே வண்டி நின்றது. செக்கை இடித்துப் பல வருஷம் ஆகிறது. அங்கே இப்போது செல்போன் கடை இருக்கிறது. 'பழைய செக்கு இருந்த இடம்' அவர் தலைக்குள் மட்டுந்தான் இருந்தது. கருப்பண்ணன் தோட்டத்தில் கருப்பண்ணன் என்று பெயர்ப்பலகையா மாட்டியிருக்கிறது? வேம்பு என்றால் ரோடு நெடுக வேம்பு.

ஆனால் செல்போன் கடைக்கு எதிரில், பனை உயரத்துக்கு, பளிச்சென்று நீலப் பெயிண்ட் அடித்த தண்ணீர் டேங்க் நின்றது. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் நீளநீளமாகக் கோழிப்பண்ணை. தினமும் போய்வருகிற வழி. இதையெல்லாம் அவர் பார்த்ததே இல்லை. தெரிந்த வழிக்குக் கண் தேவைப்படவில்லை. வண்டியை ஓரம் கட்டி, புது ஊருக்கு வந்தவர் மாதிரி அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார். எதிரே வந்த பக்கத்துத் தோட்டத்து மயிலம்மாள் தலைச்சுமையோடு நின்று, "என்ன சாமி, வண்டி கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து புதிதாக எழுதினார். வண்டி ஓட்டுகிறவன் ஒரு கண்ணால் பார்த்தால் போதும் என்கிற அளவில், ஒவ்வொன்றும் தனித்தனி வரி. 'எளிய இல்லம்' சுலபமாகப் போய்விட்டது. கொல்லிமலையை அடிக்கும்போதுதான் கை நின்றது. நல்ல வரி. மலை எங்கே போனாலும் கூடத்தான் வரும். திரும்ப வேண்டிய இடத்தைச் சொல்லாது. பேனாவை அழுத்தி அடித்தார்.

பந்தல் போட வருகிற கலைமணி சேந்தமங்கலத்துக்காரன், இந்தப் பக்கம் வந்ததில்லை. அவனுக்கு முதலில் அனுப்பி, "என்ன ஆனாலும் யாரையும் கேக்காத. இதப் பாத்துட்டே வா" என்றார்.

கலைமணியின் டெம்போ சேறு தெறித்து வந்து சேர்ந்தது.

"எடது பக்கம் திரும்புன்னு போட்டிருந்துச்சுங்க. எடதுல ஒரு தடம் இருந்துச்சு, திரும்பிட்டன். மண்ணுல சிக்கிக்கிச்சு."

அது வெங்காயக் காட்டுக்குப் போகும் மண் தடம். அதில் எவனாவது டெம்போவைத் திருப்புவானா என்று தனசேகருக்கு வாய்வரை வந்தது. மேச்சேரி பஸ் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து தான் வாதாடிக்கொண்டு வர முடியாதே என்று உடனே தோன்றியது. வாயை மூடிக்கொண்டு தாளை எடுத்தார். கடைசியில் அது இப்படி ஆயிற்று:

"எருமப்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து துறையூர் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் வரவும்.
நீல நிறத் தண்ணீர் டேங்க். அங்கே வலது பக்கம் திரும்பவும்.
இரண்டு பக்கமும் கோழிப்பண்ணை. நேராக வரவும்.
இடது பக்கம் முதலில் வரும் மண் தடம் வேண்டாம். அடுத்த சிமெண்ட் ரோட்டில் திரும்பவும்.
கடைசி வீடு. பச்சைக் கேட்.
பாலம் வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள். வண்டியைத் திருப்பவும்."

மைதிலி படித்தாள். "இத யாரு எழுதுனாங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

நிச்சயத்தன்று வண்டிகள் மூன்றும் சொன்ன நேரத்துக்கு முன்பே, ஒன்றன்பின் ஒன்றாக, பச்சைக் கேட்டுக்குள் நுழைந்தன. மைதிலி பன்னீர்ச் செம்பைத் தேடி ஓடவேண்டியிருந்தது. தனசேகர் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எழுத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். முதலில் அவருக்குச் சப்பென்றுதான் இருந்தது.

அப்புசாமியின் அக்கா குஞ்சம்மாள் படி ஏறி வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"எங்க வண்டிக்கு நாந்தான் வழி சொன்னனுங்க. கெளம்பறப்ப குமரன் ஒருக்கா வாசிச்சான். நீல டேங்கு, கோழிப்பண்ணை, மண் தடம் வேண்டாம்... மனசுல நின்னுக்கிச்சு. போன தடவ ஊட்டத் தேடித் தேடி ஒண்ணயும் பாக்கல. இன்னிக்குத்தான் பாத்தன், அப்படியே கூடவே வருதுங்களே, என்ன மலைங்க அது?"

"கொல்லிமலைங்க" என்றார் தனசேகர். உள்ளே போய்க் குஞ்சம்மாளுக்கென்று தானே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அன்று மைதிலியின் சமையலில் மிச்சம் இல்லை. வெற்றிலை போடும்போது அப்புசாமி, "கல்யாண மண்டபம் எங்க பக்கம். உங்க ஒறம்பரைக்கு வழிய நீங்களே எழுதிருங்க, சம்பந்தி. நான் சொல்லச் சொல்ல எழுதிக்குங்க" என்றார்.

"இல்லீங்க. ஒருக்கா வந்து பாத்துட்டு எழுதறன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனசேகரும் மைதிலியும் மேச்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். சம்பந்தி வீட்டுக்குத் தகவல் சொல்லவில்லை. சந்தைக்குப் போகும் ஆடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தன. மைதிலி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மண்டபம் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டாள்.

தனசேகர் இரண்டு பக்கமும் நன்றாகத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியலயே, புள்ள" என்றார், சந்தோஷமாக.